சாம்பல் படியாத காலணி

நீங்கள் பணியில் சேர்ந்த முதல் சில மாதங்களுக்குள் ஏதேனும் ஒரு நிறுவனம் தானாகவே அழைக்கும். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்க ஆயத்தமாக இருக்கிறோம், உடனே ஆள் அனுப்புங்கள் என்று இனிமையாகச் சொல்லும். வடசென்னையின் தொழிற்கூட வாசல்களில் நின்று, ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பதிலை வாங்கிவாங்கிக் காது மரத்துப்போயிருக்கும் உங்களுக்கு, அந்தக் குரல் தேனாக இருக்கும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மகிழ்ச்சியைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, இவர்கள் ஏன் அழைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

ராயபுரத்தில் இருக்கும் நம் மாற்றுத்திறனாளிகள் மையத்தில் வேலைவாய்ப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். வெற்றிக் கதைகள் வேண்டுமென்றால் கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். எனக்கு இப்போது அந்தப் படங்களின் மேலும் சந்தேகம் உண்டு. நான் சொல்லவிருப்பது வேறு. என் சந்தேகம் பெருமளவு சரியாக இருந்து, அதனாலேயே நான் ஒரு பெண்ணுக்குத் தீங்கு செய்துவிட்ட நாளைப் பற்றியது.

எண்ணூர் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பெட்டகங்களை வைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டின் மேலாளர் ஒருநாள் அழைத்தார். பண்பாகப் பேசினார். லாரிகளை எடை போடும் மேடைக்குப் பகல்முறையில் ஓர் ஆள் வேண்டும், கணினி தெரிந்த பெண்ணாக இருந்தால் நல்லது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாத்தா தெரியற மாதிரி இருந்தா பெட்டர் மேடம்” என்றார்.

எது தெரிய வேண்டும் என்று கேட்டேன்.

“அதான் மேடம். காது கேக்காதவங்கன்னா போட்டோல தெரியாதுல்ல.”

அந்த இடத்திலேயே நான் தொலைபேசியை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஏனென்றால் என் மேசைக்கு எதிரே ஜமீலா உட்கார்ந்திருந்தாள்.

தண்டையார்பேட்டைப் பெண். குழந்தைப் பருவத்தில் வந்த போலியோவில் இடது கால் மெலிந்துபோனது. தொடையிலிருந்து காலணிவரை இரும்புப் பட்டை பொருத்திய காலிப்பர் அணிந்து நடப்பாள். அவள் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடை மூடப்பட்டுவிட்டது. அந்த ரமலான் முடிவதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால், வாணியம்பாடியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு ஒத்தாசையாக அனுப்பிவிடுவதென்று அவள் அண்ணன் தீர்மானித்திருந்தார். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. “ஒத்தாசன்னா இன்னான்னு எனக்குத் தெரியும் மேடம். காலைல அடுப்பு, ராவுல பாத்திரம். ஒரு தபா போனா அவ்ளோதான், திரும்பி வரமாட்டேன்” என்றாள்.

எனவே அனுப்பினேன். இரண்டே நாளில் நியமனக் கடிதம் வந்தது. எடைமேடை இயக்குநர் என்று அதில் பதவி குறிக்கப்பட்டிருந்தது. நம் மையத்தில் அன்று இனிப்பு வழங்கினோம்.

வேலையில் அமர்த்தியவர்களை மாதந்தோறும் அழைத்து விசாரிப்பது நம் வழக்கம். நீங்களும் செய்யப்போகிறீர்கள். நான் அழைக்கும்போதெல்லாம் ஜமீலா முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். நல்லா இருக்கியா என்று கேட்பேன். “சூப்பரா கீறேன் மேடம்” என்பாள். படிவத்தில் ‘திருப்தி’ என்று எழுதுவேன். காலை பத்து மணிக்கும், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மாலை நான்கு மணிக்கும், எடைமேடையில் இருக்கும் ஒருவர் எப்படி முதல் மணியிலேயே எடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதங்கள் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது அவளுடைய காலணி. நம் மையத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து என் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எண்ணூர்ப் பக்கம் நாள்தோறும் போய்வருபவரை அவர் காலைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். நிலக்கரிச் சாம்பலும் லாரிப் புழுதியும் சேர்ந்து காலணியின் தையலுக்குள் இறங்கிவிடும். எத்தனை துடைத்தாலும் அந்தக் கருஞ்சாம்பல் கோடு போகாது. காலிப்பரோடு சேர்த்துச் செய்யப்படும் காலணியை விரும்பியபோதெல்லாம் மாற்றவும் முடியாது. ஜமீலாவின் காலணித் தையல், அளவெடுத்துச் செய்து வாங்கிய அன்று இருந்ததுபோல வெளுத்திருந்தது.

அவள் வேலைக்கே போவதில்லை என்று அந்தக் கணமே முடிவுகட்டினேன். பெயரை மட்டும் பதிவேட்டில் வைத்துக்கொண்டு ஆளை வீட்டில் இருக்கச் சொல்லும் நிறுவனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். நிறுவனத்தை மட்டுமல்ல, அதற்கு உடன்பட்டு என்னிடம் ‘சூப்பர்’ என்று சொல்லிவந்த அவளையும் சந்தேகித்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மறைப்பாள், நிறுவனத்துக்கும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பிழை இங்கேதான் தொடங்குகிறது.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் அந்த யார்டுக்குப் போய், வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு நிறுவனத்தைப் பற்றி அதன் வரவேற்பறை சொல்லாதவற்றை எதிரில் இருக்கும் டீக்கடை சொல்லும். காலிப்பர் போட்ட பெண் ஒருவர் இங்கே வேலை செய்கிறாரா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“தெனமும் வர்து மா. கார்ல கூட்டினு வந்து கார்லயே வுட்றாங்க. கால் தரையில பட வுட மாட்டாங்க.” அவர் டீயை ஆற்றியபடி கண்ணாடி அறை ஒன்றைக் காட்டினார். “அதோ, அதுக்குள்ளாறதான் உக்காந்துகினு கீது. வேல இன்னான்னு கேக்காதீங்க, எனக்குத் தெர்ல. பொம்ம மாரி வெச்சிருக்காங்க.”

வாசலை ஒட்டி, சாய்வுதளம் அமைத்த அழகான சிறு அறை. உள்ளே ஜமீலா, முன்னால் யாரும் எழுதாத ஒரு வருகைப் பதிவேடு. அறையின் பெரிய கண்ணாடிச் சன்னல் எடைமேடையைப் பார்த்தபடி இருந்தது. எடைமேடையின் இயக்க அறையோ, லாரி ஓட்டுநரின் இருக்கை உயரத்தில் ஒரு கட்டுமேடை மேல் நின்றது. அதற்கு ஏறும் வழி, செங்குத்தான நான்கு இரும்புப் படிகள். மேலே வேறொருவர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

எனவே என் சந்தேகம் பாதி பொய்த்தது. அவள் வேலைக்கு வராமல் இல்லை. வரவழைத்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

அந்த மாதமே மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மூவர் வருகிறார்கள், யார்டின் சமூகப் பொறுப்பைப் பாராட்டி ஏதோ ஒரு விருதுக்குப் பரிந்துரைக்கப் போகிறார்கள், மையத்தின் சார்பில் நீங்கள் வந்து ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டும் என்றார். அவர் அனுப்பிய நகலில், ‘இவர் நியமிக்கப்பட்ட பணியையே செய்துவருகிறார்’ என்ற வரியின் கீழே என் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. நான் போனேன். போகும் வழியெல்லாம் ஒரு நீதிபதியின் மனநிலையில் இருந்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கூட்ட அறையில் பூங்கொத்து, முந்திரி பிஸ்கட். ஜமீலாவைப் புதிய துப்பட்டாவோடு முன்வரிசையில் அமர்த்தியிருந்தார்கள். பேச்சுகள் முடிந்ததும் படிவத்தையும் பேனாவையும் என் முன் வைத்தார்கள். கையொப்பமிட்டால் பொய்க்குத் துணைபோகிறேன். மறுத்தால் சத்தமில்லாமல் அவளை நீக்கிவிட்டு, இன்னொரு மையத்திடமிருந்து பார்த்தால் தெரிகிற இன்னொருவரை வாங்கிக்கொள்வார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றிய ஒன்றைச் சொன்னேன்.

“போடறதுக்கு முன்னாடி, இவங்க எடை போடறத ஒரு தடவ பாத்துடலாமா?”

மேலாளரின் முகம் மாறியது. வெயில், புழுதி, படிகள் பாதுகாப்பானவை அல்ல என்று அடுக்கினார். வந்திருந்த மூவரும் அதற்குள் உற்சாகமாக எழுந்துவிட்டார்கள். ஜமீலா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையை அச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் ஏறினாள். கைப்பிடியை இரு கையாலும் பற்றி, நல்ல காலை மேலே வைத்து, காலிப்பர் காலை இடுப்பிலிருந்து சுழற்றி இழுத்தாள். மூன்றாவது படியில் காலணி முனை இரும்பில் மாட்டிக்கொண்டது. உதவிக்கு வந்த ஓட்டுநரைத் தலையசைத்து விலக்கிவிட்டு அவளே விடுவித்துக்கொண்டாள். வந்தவர்களில் இருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, அவள் அமைதியாகச் சொன்னாள்: “பாஸ்வேர்டு எனக்கு யாரும் சொல்லல சார்.”

கைதட்டல் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு லாரியின் ஹாரன் ஒலித்து ஓயும் நேரம்வரை நான் வெற்றி பெற்றவளாக நின்றேன்.

அதன் பிறகு அவள் இறங்க வேண்டியிருந்தது. ஏற்றத்தைப் பற்றி யோசித்திருந்த எவரும் இறக்கத்தைப் பற்றி யோசிக்கவில்லை, நான் உட்பட. செங்குத்துப் படியில் காலிப்பரோடு முன்னோக்கி இறங்க முடியாது. முதுகைக் காட்டித் திரும்பி, கீழ்ப்படி எங்கே என்று காலால் துழாவித் துழாவி, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவள் இறங்கினாள். அதற்கு ஆன நேரத்தை நான் இன்னமும் மறக்கவில்லை.

மற்றவர்கள் கூட்ட அறைக்குத் திரும்ப, நான் அவளைத் தொடர்ந்து கண்ணாடி அறைக்குப் போனேன். அவள் காலிப்பரின் முட்டிப் பூட்டைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கு வேல போயிடும்ல?” என்று கேட்டாள். அவளே தொடர்ந்தாள். “அண்ணன் பேக்கு எடுத்து வெச்சிடும். வாணியம்பாடி பஸ்ஸு. சரி, வுடுங்க.”

நான் காலணியைப் பார்த்ததையும், டீக்கடையில் விசாரித்ததையும், உண்மையை வெளிக்கொண்டுவரவே இப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன்.

“அவுங்க என்னை உக்கார வெச்சி காட்னாங்க. நீங்க ஏற வெச்சி காட்னீங்க. எனக்கு இன்னா வித்தியாசம் மேடம்?” அவள் குரலை உயர்த்தவில்லை. “எட்டு மாசமா போன் பண்றீங்க. நல்லா கீறியான்னு கேக்கறீங்க. இன்னா வேல செய்றன்னு ஒரு தபா கேட்டீங்களா?”

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்றேன்.

அவள் நேர்மையாக யோசித்தாள். “மொத தபா கேட்டா பொய்தான் சொல்லிருப்பேன். ரெண்டாவது தபா கேட்டா சொல்லிருப்பேன்.”

இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள ஒரு வாக்கியத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “சரி. இப்ப கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?”

“மேல கீற அந்தக் கூண்டு எனக்கு வேணாம்” என்று உடனே சொன்னாள். “அந்த எடை காட்ற பொட்டியும் கம்ப்யூட்டரும் இங்க வரணும். இன்னா தூரம் கீது? ஒரு வயர் இழுத்தா வந்துரும்.” பிறகு சன்னலைத் தட்டிக் காட்டினாள். “அந்த லாரியப் பாருங்க. பின் சக்கரத்தப் பாருங்க.”

பார்த்தேன். எடைமேடை மேல் ஏறி நின்றிருந்த லாரியின் கடைசிச் சக்கரம், மேடையின் விளிம்பைத் தாண்டித் தரையில் இருந்தது. அப்படி நின்றால் எடை குறைத்துக் காட்டும் என்றாள். சிலர் தெரியாமல் செய்கிறார்கள், சிலர் தெரிந்தே செய்கிறார்கள். துறைமுகத்தில் மறுபடி எடை போடும்போது அகப்பட்டுக்கொள்ளும், சண்டை யார்டுக்குத்தான் வரும். வாரத்துக்கு ஒரு சண்டையாவது இந்தச் சன்னலுக்கு வெளியே நடக்கிறது. ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

“மேல உக்காந்துகினு கீற அண்ணனுக்கு டிரைவர் மூஞ்சிதான் தெரியும். எனக்கு எட்டு மாசமா சக்கரம் மட்டும்தான் தெரியுது.”

அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் எல்லோரையும்விட நல்ல சந்தேகக்காரியாக உட்கார்ந்திருந்தாள். என் சந்தேகம் ஆளைப் பற்றியதாகவே நின்றுவிட, அவளுடையது வேலையைப் பற்றியதாக இருந்தது.

இதை மேலாளரிடம் நான் சொல்லட்டுமா, நீயே சொல்கிறாயா என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் செய்வது எனக்கு அன்றுதான் பழக்கமாகத் தொடங்கியது. நீங்களே சொல்லுங்கள், நான் இன்று போதுமான அளவு காட்டிவிட்டேன் என்றாள்.

மேலாளரை அந்தச் சன்னலுக்கே அழைத்து வந்தேன். மிரட்டுகிறீர்களா என்று கேட்டார். கையொப்பமிடாத படிவம் என் பையில் இருந்ததால், அவர் கேட்டது நியாயமே. ஒரு நிமிடம் வெளியே பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் லாரி ஒழுங்காக நின்றது. இரண்டாவதும் ஒழுங்காக நின்றது. மூன்றாவது லாரியின் பின்சக்கரம் தரையிலேயே நின்றுவிட, மேலே இருந்தவர் அதைக் காணாமல் எடைச் சீட்டை நீட்டினார். மேலாளர் கண்ணாடியருகே குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு ஜமீலாவைப் பார்த்து, முதல்முறையாக அவளிடம் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: “எத்தன நாளா இப்டி நடக்குது?”

“நான் வந்த நாளா நடக்குது சார்.”

அவர் மனம் மாறியது இரக்கத்தால் அன்று. தன் எடைமேடை தன்னையே ஏமாற்றுகிறது என்ற எரிச்சலால். அதனால்தான் அவரை நம்பலாம் என்று தோன்றியது. இரக்கத்தில் கொடுத்த வேலையை அடுத்த மேலாளர் எடுத்துவிடுவார். தேவைக்காகக் கொடுத்ததை எடுக்கச் சற்று யோசிப்பார். தலைமை அலுவலகத்தார் அன்று வெறுங்கையோடு திரும்பினார்கள். படிவத்தை நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

எடைப் பெட்டிக்கான கம்பி கண்ணாடி அறைக்கு இழுக்கப்பட்டது என்று மூன்று வாரங்களில் யார்டிலிருந்து கடிதம் வந்தது. அதே கடிதத்தில், காரை நிறுத்திவிட்டதாகவும் இருந்தது. பணியாளர் எல்லோரையும்போல அவரும் வந்துபோகட்டும் என்று எழுதியிருந்தார்கள். இது சமத்துவமா, என்மேல் இருந்த கோபத்துக்கு அவளிடம் தீர்த்துக்கொண்ட பழியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஷேர் ஆட்டோவில் காலிப்பரோடு ஏறி இறங்குவது பெரும் பேஜாரு என்று ஜமீலா தொலைபேசியில் சொன்னாள். அவளுக்கு நான் உண்டாக்கிய இழப்பு அது. அதைக் கணக்கில் சேர்க்காமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு உரிமையில்லை.

அதன் பிறகு ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். போவதற்கு முன் அழைத்துப் பார்த்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. அதையும் முழுதாக நம்பாமல்தான் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடி அறையின் சன்னல் திறந்திருந்தது. வெளியே ஓர் ஓட்டுநர், லாரியை மேடைமேல் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“இன்னாக்கா உன்னோட ரோதன? முன்னாடிலாம் உக்காந்த எடத்துல சீட்டு வரும். இப்ப தெனம் எறங்கி வந்து உங்கிட்ட கெஞ்சணுமா?”

உள்ளிருந்து ஜமீலாவின் குரல் வந்தது. “கெஞ்ச வேணாம். பின் சக்கரத்த மேல ஏத்து, சீட்டு தானா வரும்.”

“ஏத்திட்டேன்.”

“யார்கிட்ட? ரெண்டடி முன்னால வா நைனா, அப்பால பேசு.”

அவர் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே ஏறி வண்டியை நகர்த்தினார். பின்னால் நின்ற இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, “பொம்ம மாரி இருந்த பொண்ணு மா. இப்ப பாருங்க, தெனம் நாலு பேராவது வந்து இங்க நின்னு அத்த திட்டிகினு டீ குடிக்கறாங்க” என்றார்.

பொம்மையை யாரும் திட்டுவதில்லை. அன்றிலிருந்து, நான் வேலையில் அமர்த்திய ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன், ஒருமுறைக்கு இருமுறையாக: நீ ஒருநாள் வராவிட்டால் யாருக்குக் கோபம் வரும்? பதில் உடனே வராவிட்டால், அந்த நிறுவனத்தின் டீக்கடையைத் தேடிப் போவேன்.

சக்கரத்தைச் சரிபார்க்க ஜமீலா சாய்வுதளம் வழியாக இறங்கி வந்தாள். நான் வாசல்வரை போயிருந்தேன். அவள் காலணியின் தையல்களில் சாம்பல் கோடு படிந்திருந்தது. என் கண் போன இடத்தை அவள் கவனித்துவிட்டாள்.

“செருப்பப் பாத்தாச்சா?” என்றாள். நான் பையிலிருந்த படிவத்தை எடுக்கப் போனேன். அவள் ஏற்கெனவே லாரியின் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள். “இப்ப முடியாது மேடம். நாலு வண்டி நிக்குது. அங்க உக்காருங்க, வரேன்.”

எட்டு மாதம் முதல் மணியிலேயே எனக்காகத் தொலைபேசியை எடுத்தவள், முதல்முறையாக என்னைக் காத்திருக்கச் சொன்னாள். டீக்கடைப் பெஞ்சுக்குத் திரும்பி, படிவத்தை முழங்காலில் வைத்து, ‘நியமிக்கப்பட்ட பணியையே செய்துவருகிறார்’ என்ற வரியின் கீழே கையொப்பமிட்டேன். அவள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.